வானத்துக் கடிதத்தை வாசிக்கக் கற்றுக்கொடுத்தவர்: நகாயாவும் பனிப்படிகமும்

வாட்ஸ்அப்பில் திரும்பத் திரும்பச் சுற்றிவரும் ஒரு செய்தி உண்டு. ஜப்பானிய விஞ்ஞானி ஒருவர் தண்ணீரிடம் அன்பாகப் பேசினாராம், அது உறைந்தபோது நட்சத்திரம் போல அழகான படிகம் ஆனதாம். திட்டினாராம், கோணல்மாணலாக உறைந்துபோனதாம். அனுப்புபவர்கள் நல்ல மனதோடுதான் அனுப்புகிறார்கள். ஆனால் அதைச் சொன்ன மசாரு இமோட்டோ இயற்பியலாளர் அல்ல, கல்லூரியில் அவர் படித்தது சர்வதேச உறவுகள். ஒரு படிகம் ஏன் நட்சத்திரமாகிறது, இன்னொன்று ஏன் வெறும் குச்சியாக நின்றுவிடுகிறது என்ற கேள்விக்கு அவருக்குச் சுமார் அறுபது வருடம் முன்பே இன்னொரு ஜப்பானியர் ஆய்வகத்தில் பதில் கண்டுபிடித்துவிட்டார். அவர் பெயர் உகிச்சிரோ நகாயா. அவர் நிஜமாகவே இயற்பியலாளர்.

நகாயாவின் பெயரும் எப்போதாவது கண்ணில் படும், கூடவே ஒரே ஒரு வாசகத்தோடு: பனி என்பது வானம் அனுப்பும் கடிதம். படித்தவுடன் கவிதை என்று தோன்றும், பகிர்ந்துவிட்டு நகர்ந்துவிடுவோம். எனக்கு அதில்தான் வருத்தம். அவர் அதை வருணனைக்காகச் சொல்லவில்லை, ஒரு வேலைமுறையாகச் சொன்னார். கடிதத்தின் எழுத்து எது, இலக்கணம் எது, எப்படி வாசிப்பது என்றெல்லாம் அவர் கண்டுபிடித்து வைத்திருந்தார். அதை அடியிலிருந்து பார்ப்போம்.

முதலில் 'பனி'யைப் பிரிப்போம்

தமிழில் 'பனி' என்ற ஒரே சொல்லுக்குள் நான்கைந்து பொருட்களைப் போட்டு வைத்திருக்கிறோம். மார்கழிக் காலையில் புல்லின் மேல் நிற்பதும் பனி, சாலையை மறைப்பதும் பனி, இமயமலையில் விழுவதும் பனி. புல்லின் மேல் இருப்பது நீர்த்துளி. சாலையை மறைப்பது மூடுபனி, அதுவும் மிகச்சிறிய நீர்த்துளிகள்தான். மழையோடு டமடமவென்று கூரையில் விழுவது ஆலங்கட்டி, அது தண்ணீர் உறைந்த கட்டி. நாம் பேசப்போவது இது எதுவுமில்லை, வானத்திலிருந்து மெதுவாக மிதந்து இறங்கும் வெண்பனி.

இங்கேதான் முதல் தவறான எண்ணம். வெண்பனி என்றால் மழைத்துளி குளிரில் உறைந்து விழுவது என்றுதான் பெரும்பாலானவர்கள் நினைக்கிறார்கள். மழைத்துளி உறைந்தால் அது ஒரு கண்ணாடி மணி போல உருண்டையாக இருக்கும், ஆறு கைகளும் சித்திரவேலையும் அதில் வராது. வெண்பனி நீரிலிருந்து பிறப்பதில்லை, நீராவியிலிருந்து நேரடியாகப் பிறக்கிறது.

கற்பூர டப்பாவின் மூடி

பூஜையறையில் பழைய கற்பூர டப்பா இருந்தால் திறந்து மூடியின் உள்பக்கத்தைப் பாருங்கள். சிறுசிறு வெள்ளைப் பொடிகள் மினுமினுவென்று ஒட்டியிருக்கும். கீழே இருந்த கற்பூரம் உருகாமலேயே ஆவியாகி மேலே போய், மூடியில் பட்டு மறுபடியும் திடமாகியிருக்கிறது, நடுவில் திரவம் என்ற கட்டமே கிடையாது. திடப்பொருள் நேராக ஆவியாவதைப் பதங்கமாதல் என்று பள்ளியில் படித்திருப்போம். அதன் மறுபக்கம், ஆவி நேராகத் திடமாவது, அதைப் படிதல் என்று வைத்துக்கொள்வோம்.

பழைய ஒற்றைக்கதவு ஃப்ரிட்ஜில் நீர் உறைவதையும் ஆவி படிவதையும் பக்கத்துப் பக்கத்தில் பார்க்கலாம். ஐஸ் தட்டில் இருப்பது நீர் உறைந்த கட்டி. ஃப்ரீசர் சுவரில் பஞ்சு போல வளர்ந்திருப்பது, கதவைத் திறக்கும்போதெல்லாம் உள்ளே போன காற்றின் நீராவி படிந்து உண்டானது. ஆலங்கட்டி முதல் வகைக்குச் சொந்தம், வெண்பனி இரண்டாவது வகைக்கு.

மேகத்துக்குள் இன்னொரு விசித்திரம் நடக்கிறது. பூஜ்யம் டிகிரி வந்தவுடன் தண்ணீர் உறைந்துவிடும் என்று நினைக்கிறோம், ஆனால் மேகத்தின் நுண்துளிகள் மைனஸ் 10, மைனஸ் 15 டிகிரி செல்சியஸ் வரைகூட திரவமாகவே நிற்கும். இதற்கு மீக்குளிர்ந்த நீர் என்று பெயர். அவற்றில் ஏதோ ஒரு துளியில் சரியான தூசித்துகள் ஒன்று இருந்தால், அதைப் பிடித்துக்கொண்டு அந்தத் துளி மட்டும் உறைகிறது. அதுதான் கரு. அப்புறம் சுற்றியுள்ள துளிகள் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிக் கரைய, அந்த ஆவி கருவின் மேல் படியப் படிய, படிகம் வளர்கிறது. நம் விரல் நுனியில் வந்து உட்காரும் ஒரு பனிப்படிகத்துக்காக ஏறக்குறைய ஒரு லட்சம் மேகத்துளிகள் காணாமல் போயிருக்கும்.

ஆறு எங்கிருந்து வந்தது?

படிகம் என்றால் மூலக்கூறுகள் ஒழுங்கான வரிசையில் அடுக்கப்பட்ட திடப்பொருள். கல்லுப்பு படிகம், கற்கண்டு படிகம். பனிக்கட்டியில் நீர் மூலக்கூறுகள் கைகோத்து நிற்கும்போது ஆறு ஆறாக வளையம் கட்டிக்கொள்கின்றன, தேன்கூட்டின் அறைகள் போல. உள்ளே இருக்கும் அந்த ஆறுதான் வெளியே ஆறு பக்கமாகத் தெரிகிறது. தனி நீர் மூலக்கூறு ஒன்றும் அறுகோணம் இல்லை, கூடி நிற்கும் விதத்தில்தான் ஆறு வருகிறது. ஏன் எப்போதும் ஆறு என்று வானியலாளர் கெப்ளர் 1611-லேயே கேட்டு ஒரு சிறு நூல் எழுதினார். அணுக்களைப் பற்றி ஒன்றும் தெரியாத காலம், கேள்வியைச் சரியாகக் கேட்டுவிட்டார், விடைக்கு முந்நூறு வருடம் ஆனது.

சரி, ஆறு பக்கம் வந்துவிட்டது. கைகள் எங்கிருந்து முளைக்கின்றன? கோயிலில் சுண்டல் கொடுக்கும்போது கூட்டத்தில் யார் கை முன்னால் நீண்டிருக்கிறதோ அதில்தான் முதலில் விழும். அறுகோணத்தின் மூலைகள் அப்படித்தான். பக்கங்களைவிட மூலைகள் ஈரக்காற்றுக்குள் கொஞ்சம் அதிகமாக நீட்டிக்கொண்டிருக்கின்றன, அதனால் நீராவி முதலில் அங்கே படிகிறது, படிந்ததால் இன்னும் நீள்கிறது, நீண்டதால் இன்னும் அதிகம் கிடைக்கிறது. இப்படியே மூலை கையாகி, கையில் விரல் முளைத்து நட்சத்திரம் ஆகிறது. நீராவி குறைவாக இருந்தால் இந்தப் போட்டியே வராது, படிகம் வெறும் அறுகோணத் தட்டாகவோ தூணாகவோ நின்றுவிடும்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: வெண்பனி நீராவி படிந்து வளர்வது, மூலக்கூறுகளின் அடுக்கு ஆறு பக்கத்தைக் கொடுக்கிறது, மூலைகளுக்கு முதலில் தீனி கிடைப்பதால் கைகள் முளைக்கின்றன. எந்த நிலைமையில் தட்டு, எந்த நிலைமையில் தூண், எப்போது நட்சத்திரம் என்பது இன்னும் பாக்கி. நகாயா வருவது இங்கே.

சப்போரோவுக்கு வந்த இளைஞர்

நகாயா பிறந்தது 1900 ஜூலை 4, ஜப்பானின் இஷிகாவா மாகாணத்தில் கத்தயாமசு என்ற வெந்நீர் ஊற்று ஊரில். டோக்கியோ இம்பீரியல் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படிக்கும்போது தோராஹிக்கோ தெராதா என்ற ஆசிரியர் கிடைத்தார். அவர் வாழ்க்கையின் திருப்பம் அந்த ஆசிரியர்தான் என்று நினைக்கிறேன். உலகம் முழுக்க அணுவுக்குள் போய்க்கொண்டிருந்த காலத்தில் தெராதா கண்ணெதிரே இருக்கும் சாதாரண விஷயங்களை ஆராய்ந்தவர். கொம்பெய்த்தோ என்று ஜப்பானில் ஒரு சர்க்கரை மிட்டாய் உண்டு, உருண்டையின் மேல் சின்னச்சின்னக் கொம்புகள் இருக்கும். உருட்டி உருட்டிச் செய்யும் மிட்டாயில் கொம்பு ஏன் வருகிறது என்று உட்கார்ந்து யோசித்து எழுதிய மனிதர் அவர். அப்படிப்பட்டவரின் மாணவர் பனியைப் பார்த்துக் கேள்வி கேட்டதில் ஆச்சரியமில்லை.

1925-ல் பட்டம் பெற்று, ரிக்கென் ஆய்வு நிறுவனத்தில் தெராதாவுக்கு உதவியாளராக மின்பொறிகளை ஆராய்ந்து, லண்டன் கிங்ஸ் கல்லூரியில் எக்ஸ் கதிர் ஆராய்ச்சிக்குப் போய் வந்தபின் 1930-ல் ஹொக்கைடோ தீவில் சப்போரோ நகரத்துப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே அப்போது அணு இயற்பியலுக்கான பெரிய கருவிகள் கிடையாது. இருந்ததெல்லாம் பனி. அதே சமயம் வில்சன் பென்ட்லி என்ற அமெரிக்கர் வாழ்நாள் முழுக்க எடுத்த பனிப்படிகப் படங்கள் இரண்டாயிரத்துக்கும் மேல் சேர்ந்த நூல் ஒன்று 1931-ல் வெளியாகியிருந்தது. அதைப் பார்த்து நகாயாவும் படமெடுக்கத் தொடங்கினார்.

ஆனால் அவருக்கு வேறு ஒரு கண் இருந்தது. பென்ட்லியின் நூலில் அழகான, சமச்சீரான படிகங்கள்தான் பெரும்பாலும். விழும் பனியில் பெரும்பாலானவை அப்படி இல்லை, உடைந்தவை, ஒருபக்கம் வளர்ந்தவை, ஊசி, தூண், உருவமே சொல்ல முடியாதவை. நகாயா அழகில்லாதவற்றையும் சேர்த்துப் படமெடுத்தார். தொக்காச்சி மலையில் ஒரு குடிலில் தங்கி, உறைகுளிரில் நுண்ணோக்கியை வைத்துக்கொண்டு, மூச்சுக்காற்று பட்டாலே கரைந்துபோகும் பொருளைக் கண்ணாடித் தகட்டில் ஏந்தி, சுமார் மூவாயிரம் படங்கள். பின்னால் அவற்றை 41 வகைகளாகப் பிரித்தார். அழகானதை மட்டும் பொறுக்கியிருந்தால் அடுத்த படி அவருக்குத் தெரிந்திருக்காது.

முயலின் ஒரு முடி

வகைப்படுத்தினால் மட்டும் காரணம் தெரிந்துவிடாது. காரணம் வேண்டுமென்றால் நாமே ஒன்றைச் செய்துபார்க்க வேண்டும், நிலைமையை மாற்றிப்பார்க்க வேண்டும். பல்கலைக்கழகத்தில் உறைகுளிர் அறை ஒன்று அமைந்தது. அதற்குள் இரட்டைச் சுவர் கொண்ட கண்ணாடிக் குழாய். அடியில் கொஞ்சம் வெந்நீர். அதிலிருந்து நீராவி மேலே ஏறும், ஏறும்போது குளிரும், மேலே தொங்கும் இழையில் படியும். எளிமையான ஏற்பாடுதான். சிக்கல் இழையில் வந்தது.

மேகத்தில் படிகம் எதிலும் ஒட்டாமல் மிதந்தபடி வளர்கிறது, ஆய்வகத்தில் மிதக்கவிட முடியாது, எதிலாவது தொங்கவிட்டாக வேண்டும். பருத்தி நூல், பட்டு நூல், மெல்லிய கம்பி, சிலந்தி இழை எல்லாம் போட்டுப் பார்த்தார்கள். நூல் முழுக்கப் பனி அப்பிக்கொண்டு கம்பளிப்பூச்சி மாதிரி ஆகிவிடும், தனிப் படிகம் ஒன்றுகூட வராது. கட்டிக் கற்கண்டை உடைத்தால் உள்ளே ஒரு நூல் இருக்குமே, அதன் மேல் எப்படி முழுநீளத்துக்கும் கட்டிகள் நெருக்கியடித்து ஒட்டியிருக்கின்றன, அதே கதை.

ஒருநாள் ஆய்வகத்தில் கிடந்த முயல் ரோமச் சட்டையின் ஒரு முடி நுனியில் தனியாக ஒரே ஒரு பனிப்படிகம் உட்கார்ந்திருப்பது கண்ணில் பட்டது என்று சொல்வார்கள். முயல் முடியில் இயற்கையான எண்ணெய்ப் பசை உண்டு, அதனால் நீராவி கண்ட இடத்தில் ஒட்டாது. இடையிடையே நுண்ணிய முடிச்சுகள் உண்டு, அங்கே மட்டும் கரு பிடிக்கும். ஒரு முடிச்சில் ஒரு படிகம். முயல் முடியைக் குழாய்க்குள் தொங்கவிட்டு, 1936 மார்ச் 12 அன்று, மனிதர் செய்த முதல் பனிப்படிகத்தை நகாயா குழு வளர்த்துக் காட்டியது. வானத்தில் மட்டுமே நடந்துவந்த ஒன்று கண்ணாடிக் குழாய்க்குள் நடந்தது. இதைப் படிக்கும்போதெல்லாம் அந்த முடியைத்தான் நினைத்துக்கொள்கிறேன், எத்தனை குளிர்காலங்களின் உழைப்பு அதன் நுனியில் தொங்கியது.

இரண்டே திருகுகள்

இப்போது நகாயா கையில் இரண்டு திருகுகள் இருந்தன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று முடியைச் சுற்றியுள்ள காற்றின் வெப்பநிலை. இன்னொன்று, அடியிலுள்ள நீரைக் கூடவோ குறையவோ சூடாக்கி, நீராவியின் அளவு.

நீராவியின் அளவுக்கு ஒரு சொல் தேவை. சர்க்கரைப் பாகு சூடாக இருக்கும்போது நிறைய சர்க்கரையைக் கரைத்து வைத்திருக்கும், ஆறினால் தாங்க முடியாத அளவு சர்க்கரை அதில் இருக்கும், சும்மா ஒரு நூலை விட்டால் போதும், ஒட்டத் தொடங்கிவிடும். தாங்கும் அளவுக்கு மேல் கரைந்திருக்கும் இந்த நிலைக்கு மீதெவிட்டிய நிலை என்று பெயர். காற்றிலும் அந்தக் குளிருக்கு உரிய அளவை மிஞ்சி நீராவி இருந்தால் அதே பெயர்தான். எவ்வளவு மிஞ்சியிருக்கிறதோ அவ்வளவு வேகமாகப் படிகம் வளரும்.

இரண்டு திருகுகளையும் மாற்றி மாற்றி வளர்த்து, எந்த இடத்தில் எந்த உருவம் வந்தது என்று ஒரே படத்தில் குறித்தார். அதுதான் இன்றும் பாடப்புத்தகங்களில் இருக்கும் நகாயா வரைபடம். குறுக்கே வெப்பநிலை, நெடுக்கே மீதெவிட்டிய அளவு.

அதில் வந்தது யாரும் எதிர்பார்க்கக்கூடிய ஒன்றல்ல. குளிர் கூடக் கூட நட்சத்திரம் அழகாகும் என்றுதானே நினைப்போம்? பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழே மெல்லிய தட்டுகள். மைனஸ் 5 பக்கம் வந்தால் திடீரென்று ஊசிகள், தூண்கள். மைனஸ் 10-ஐத் தாண்டினால் மறுபடியும் தட்டு, மைனஸ் 15-ஐ ஒட்டி ஈரமும் நிறைய இருந்தால் நாம் படங்களில் பார்க்கும் அந்தக் கிளைவிட்ட நட்சத்திரம். மைனஸ் 22-க்கும் கீழே போனால் பெரும்பாலும் தூண். தட்டு, தூண், தட்டு, தூண் என்று மாறி மாறி வருகிறது. வெப்பநிலை, தட்டா தூணா என்பதை முடிவு செய்கிறது. ஈரம், எளிமையா சித்திரவேலையா என்பதை முடிவு செய்கிறது. சில டிகிரி வித்தியாசத்தில் உருவம் ஏன் இப்படிப் புரள்கிறது என்பதன் முழுக் காரணத்தை இயற்பியலாளர்கள் இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறார்கள். நகாயாவின் படம் மட்டும் நிலைத்து நிற்கிறது.

மறுபடியும் சுருக்கமாக: இரண்டே காரணிகள், குளிரும் நீராவியும். அவை தெரிந்தால் உருவத்தைச் சொல்லலாம், உருவம் தெரிந்தால் அவற்றைச் சொல்லலாம்.

ஆறு கைகளும் பேசிக்கொள்கின்றனவா?

ஒரு கை போலவே மற்ற ஐந்தும் இருப்பதைப் பார்த்து, அவை ஒன்றுக்கொன்று செய்தி அனுப்புகின்றன, நீருக்கு நினைவாற்றல் இருக்கிறது என்றெல்லாம் சொல்பவர்கள் உண்டு. ஒரே இட்லித் தட்டின் ஆறு குழிகளைப் பாருங்கள். ஒரே மாவு, ஒரே ஆவி, ஒரே நேரம், அதனால் ஆறும் ஒரே மாதிரி உப்புகின்றன. பனிப்படிகம் சில மில்லிமீட்டர்தான், அதன் ஆறு மூலைகளும் ஒரே வழியில் ஒரே காற்றுக்குள் விழுகின்றன, குளிர் மாறினால் ஆறுக்கும் ஒன்றாக மாறுகிறது. இன்னொரு படிகம் வேறு வழியில் வந்திருக்கும், அதனால் வேறு உருவம். ஒன்றைப் போல இன்னொன்று இல்லை என்று சொல்வதும் கிளைகள் நிறைந்த பெரிய படிகங்களுக்குத்தான் பொருந்தும், சின்ன அறுகோணத் தட்டுகள் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கலாம். அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் கென்னத் லிப்ரெக்ட் என்ற இயற்பியலாளர் ஒரே நிலைமையில் பக்கம் பக்கமாக வளர்த்து இரட்டைப் பிள்ளைகள் போன்ற படிகங்களைச் செய்தே காட்டியிருக்கிறார்.

இமோட்டோவின் படங்களும் இதற்குள்தான் அடங்கும். உறைந்த நீரின் நுனியில், குளிர்ந்த அறையின் நீராவி படிந்து வளர்ந்த படிகங்கள் அவை. நுனியில் குளிரும் ஈரமும் கொஞ்சம் மாறினாலே உருவம் மாறும், பல தட்டுகளில் வளர்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் விரும்பிய உருவம் கிடைக்கும். அன்பாகப் பேசுவது நல்லதுதான், அதற்குப் பனிப்படிகத்தின் சாட்சி தேவையில்லை.

பிற்காலம்

1938-ல் பொதுமக்களுக்காக 'யுகி', அதாவது 'பனி', என்ற சிறு நூலை எழுதினார். கடிதம் என்ற வாசகம் அதில்தான் வருகிறது. அந்தக் கடிதம் உருவம் என்ற சங்கேத மொழியில் எழுதப்பட்டிருக்கிறது, அதை அவிழ்க்கும் வேலைதான் செயற்கைப் பனி ஆராய்ச்சி என்று அவரே தெளிவாகச் சொல்லியிருக்கிறார். பகிரப்படும் வாசகத்தில் இந்த இரண்டாவது பாதி எப்போதும் விடுபட்டுப் போகிறது.

போர்க்காலத்தில் அவரும் ராணுவத்துக்காக வேலை செய்தார். நிசேகோ மலையுச்சியில் நிஜப் போர் விமானத்தையே வைத்து, இறக்கையில் பனி ஏன் ஒட்டுகிறது என்று ஆராய்ந்தார், மூடுபனியைக் கலைக்கும் வழிகளையும் தேடினார். போருக்குப்பின் அறிவியல் படங்கள் எடுக்கும் குழு ஒன்றைத் தொடங்கினார், அது பின்னால் இவானாமி திரைப்பட நிறுவனமாக வளர்ந்தது. 1952-லிருந்து இரண்டு வருடம் அமெரிக்காவில் பனிக்கட்டி ஆராய்ச்சி. 1954-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் அவருடைய பெரிய ஆங்கில நூலை வெளியிட்டது. கடைசி ஆண்டுகளில் கிரீன்லாந்தின் பனிப்பாளத்துக்குப் போய்வந்தார். 1962 ஏப்ரல் 11 அன்று காலமானார். மகள் ஃபுஜிகோ நகாயா மூடுபனியையே சிற்பமாக்கும் கலைஞரானார். அப்பா பிறந்த ஊரை அடுத்துள்ள அருங்காட்சியகத்தின் முற்றத்தில், கிரீன்லாந்திலிருந்து கொண்டுவந்த கற்களுக்கு நடுவே அவர் அமைத்த மூடுபனி எழுகிறது.

இரண்டு கடிதங்களை வாசிப்போம்

நகாயா எடுத்த படங்களில் ஒரு வகைக்கு ஜப்பானியர் சுசுமி என்று பேர் வைத்திருக்கிறார்கள். சுசுமி என்பது நம் உடுக்கை போல இடை சிறுத்த ஒரு தாளக்கருவி. நடுவில் ஒரு தூண், இரண்டு முனையிலும் ஒவ்வொரு அறுகோணத் தட்டு. பார்க்க விநோதமாக இருக்கும். வரைபடத்தை வைத்துக்கொண்டு வாசித்தால், முதலில் தூண் வளர்ந்திருக்கிறது, ஆகவே உயரத்தில் மைனஸ் 22-க்கும் கீழான குளிரில் பிறந்திருக்கலாம். முனைகளில் தட்டு பிறகு வந்தது, ஆகவே விழும் வழியில் மைனஸ் 15 பக்கமுள்ள அடுக்குக்குள் நுழைந்திருக்கிறது. தட்டு கிளைவிடாமல் எளிமையாக இருந்தால் அங்கே ஈரம் அதிகமில்லை. யாரும் ஏறிப் பார்க்காத மேகத்தின் இரண்டு மாடிகளை, கையில் விழுந்த ஒரு மில்லிமீட்டர் பொருள் சொல்லிவிடுகிறது.

இன்னொரு வகை, நட்சத்திரத்தின் கைகள் மேல் ரவை தூவியதுபோல நுண்ணிய உருண்டைகள் ஒட்டியிருக்கும், ஓரங்கள் மழுங்கித் தெரியும். படமெடுக்க அழகில்லை என்று ஒதுக்கப்படுவது இந்த வகைதான். நட்சத்திரம் என்பதால் மைனஸ் 15, நல்ல ஈரம். உருண்டைகள் நீராவி படிந்தவை அல்ல, நீர்த்துளிகள் மோதி உறைந்தவை, ஆகவே கீழே வரும் வழியில் மீக்குளிர்ந்த துளிகள் நிறைந்த மேகத்துக்குள் புகுந்து வந்திருக்கிறது. நிசேகோ மலையுச்சியில் அந்த விமானத்தின் இறக்கையில் மோதி உறைந்ததும் அதே மாதிரித் துளிகள்தான்.